ஸ்டேயில் வந்த பட்டாணி: இறக்குமதி விதி மாறும்போது பழைய உரிமக்காரருக்கு என்ன மிஞ்சுகிறது?

2018 ஏப்ரல் 25 அன்று வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம், வியாபாரிகள் வாயில் டி.ஜி.எஃப்.டி., ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அதுவரை யாரும் எவ்வளவும் கொண்டுவரலாம் என்றிருந்த பட்டாணி அதன் மூலம் 'கட்டுப்படுத்தப்பட்டவை' பட்டியலுக்குப் போனது. ஏப்ரல் முதல் ஜூன் வரை நாடு முழுவதற்கும் சேர்த்து 1 லட்சம் டன்தான். பிறகு அந்தக் கட்டுப்பாட்டை மூன்று மூன்று மாதமாக நீட்டிக்கொண்டே போனார்கள். 2019 மார்ச் 29 அன்று வந்த அறிவிக்கைகள் முழு நிதியாண்டுக்கும் வரம்பு வைத்தன: துவரை 2 லட்சம் டன், பாசிப்பயறு, உளுந்து, பட்டாணி தலா 1.5 லட்சம் டன். யார் விண்ணப்பிக்கலாம், எப்படி விண்ணப்பிக்கலாம் என்பதை ஏப்ரல் 16 வர்த்தகக் குறிப்பு சொன்னது.

இந்த அறிவிக்கைகளை எதிர்த்துக் கிளம்பிய வழக்குகள் 2018-இல் சென்னையில் தொடங்கி, ஜெய்ப்பூர், மும்பை எனச் சுற்றி, 2021 ஜூனில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தன. இறக்குமதிக் கட்டுப்பாடு பற்றி அண்மைக் காலத்தில் வந்த தீர்ப்புகளில், கொங்கு நாட்டில் கப்பல் சரக்கு எடுக்கும் எவரும் ஒருமுறையாவது படித்திருக்க வேண்டியவை இவை என்பேன். பட்டாணி வியாபாரிக்கு மட்டும் சொல்லவில்லை. திருப்பூரில் செயற்கை இழைத் துணி எடுப்பவருக்கும், கோவையில் பழைய மெஷின் கொண்டுவருபவருக்கும், கரூரில் அட்வான்ஸ் ஆத்தரைசேஷன் (ஏற்றுமதிக்கான மூலப்பொருளை வரியில்லாமல் கொண்டுவரும் உரிமம்) வைத்திருப்பவருக்கும் இதே கேள்விதான் வரும்: நேற்று வரை சரியாக இருந்த என் காகிதம் இன்று செல்லுமா?

பட்டாணிக்கு ஏன் இவ்வளவு அடிதடி

மஞ்சள் பட்டாணி கனடாவிலும் ரஷ்யாவிலும் மலை மலையாக விளைகிறது. கடலையைவிட விலை குறைவு. உடைத்தால் பருப்பு, அரைத்தால் மாவு, ஊறவைத்தால் மசால் பூரிக்குக் குழம்பு. கடலை மாவில் பட்டாணி மாவு சேர்வது ஊரறிந்த ரகசியம். காரக்கடைக்காரரிடம் நேராகக் கேட்டால் கோபம் வரும், அவ்வளவுதான். ஈரோடு, கோவை வட்டாரத்து மாவு மில்களுக்குத் தூத்துக்குடியிலிருந்து லாரி கிளம்பினால் ஒரே இரவில் சரக்கு வந்து சேர்ந்துவிடும்.

மறுபக்கம் விவசாயி. 2017-18-இல் நாட்டின் பருப்பு உற்பத்தி சுமார் 2.5 கோடி டன்னைத் தொட்டது. விலை குறைந்தபட்ச ஆதரவு விலைக்கும் கீழே இறங்கியது. 2017 நவம்பரில் பட்டாணிக்கு 50 சதவீத வரி போட்டுப் பார்த்தார்கள். அப்படியும் கப்பல் வருவது போதுமான அளவு குறையாததால் அளவையே கட்டினார்கள். இந்தப் பின்னணியை மறந்துவிட்டு வழக்கைப் படித்தால் தீர்ப்பு கடுமையாகத் தெரியும். நீதிமன்றம் கடைசிவரை இந்த விவசாயியைக் கண்ணில் வைத்துத்தான் பேசியது.

அதிகாரம் எங்கிருந்து வருகிறது

1992-ஆம் ஆண்டின் வெளிநாட்டு வர்த்தக (மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை) சட்டம்தான் அடிப்படை. அதன் 3(2) பிரிவு, எந்தப் பொருளின் இறக்குமதியையும் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. 5-ஆம் பிரிவு, வர்த்தகக் கொள்கையை வகுக்கவும் திருத்தவும். இந்த இரண்டு அதிகாரங்களையும் தலைமை இயக்குநர் தன்னிச்சையாக எடுத்துக்கொள்ள முடியாது என்று 6(3) சொல்கிறது. மத்திய அரசின் பெயரில் அறிவிக்கையாக வந்தால்தான் செல்லும். 2010-இல் சேர்த்த 9ஏ பிரிவு, உள்நாட்டுத் தொழிலுக்குக் கடும் பாதிப்பு என்று விசாரித்து உறுதிசெய்த பிறகு அளவுக் கட்டுப்பாடு விதிப்பது பற்றியது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லிவிட வேண்டும். "ஐ.இ.சி. இருக்குதுங்களே, நாம லைசென்ஸ்காரங்கதானே" என்று பலரும் நினைக்கிறார்கள். ஐ.இ.சி. என்பது இறக்குமதியாளர் யார் என்று காட்டும் அடையாள எண். பொருள் தடையற்ற பட்டியலில் இருக்கும்வரை அது போதும். கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலுக்குப் போய்விட்டால், அந்தப் பொருளுக்கு, அந்த அளவுக்குத் தனி உரிமம் வேண்டும். இருபது வருடப் பழைய ஐ.இ.சி.யும் நேற்று எடுத்த ஐ.இ.சி.யும் அந்த நிமிடத்தில் ஒன்றுதான்.

வழக்கு நடந்த விதம்

முதல் சுற்று சென்னை உயர் நீதிமன்றத்தில். 2018-இன் நடுவில் இறக்குமதியாளர்களுக்கு இடைக்கால ஆணை கிடைத்தது, அதாவது வழக்கு முடியும்வரை கட்டுப்பாட்டை நிறுத்திவைக்கும் 'ஸ்டே'. ஆணையைக் காட்டிச் சரக்கு இறக்கினார்கள். சந்தையில் உடனே பேச்சு பரவியது, வெளிநாட்டு விற்பனையாளரும் விலையைத் தூக்கினார். இரண்டாம் சுற்று 2019 அறிவிக்கைகளுக்கு எதிராக, பெரும்பாலும் ராஜஸ்தான் உயர் நீதிமன்றத்தின் ஜெய்ப்பூர் அமர்வில். அங்கும் இடைக்கால ஆணை. ஆணை ஜெய்ப்பூரில், சரக்கு இறங்கியது மும்பைத் துறைமுகத்தில். இப்படி இடம் தேடிப் போவது வெளியே கெட்டிக்காரத்தனமாகத் தெரியும். நீதிபதிகளுக்கு அப்படித் தெரிவதில்லை.

எல்லாம் சேர்ந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 'யூனியன் ஆஃப் இந்தியா எதிர் அக்ரிகாஸ் எல்.எல்.பி.' என்ற பெயரில் 2020 ஆகஸ்ட் 26 அன்று தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் கான்வில்கர், தினேஷ் மகேஷ்வரி, சஞ்சீவ் கன்னா.

இறக்குமதியாளர்களின் முக்கிய வாதம் நன்றாகவே கட்டப்பட்டது. அளவுக் கட்டுப்பாட்டுக்கு என்றே நாடாளுமன்றம் 9ஏ பிரிவைக் கொண்டுவந்திருக்கிறது. விசாரணை, பாதிப்புக் கண்டறிதல் என்று அதற்கு ஒரு முறை உண்டு. அதையெல்லாம் தாண்டிவிட்டு 3(2)-ஐ வைத்து ஒரே பக்கத்தில் அளவு வைத்தால், பிறகு 9ஏ எதற்கு? பன்னாட்டு வணிகத்துக்கான காட் (GATT) ஒப்பந்தத்தின் 11-ஆம் உறுப்பு அளவுக் கட்டுப்பாட்டையே பொதுவாகத் தடுக்கிறது, இந்தியா அதில் கையெழுத்திட்ட நாடு என்பது அடுத்த வாதம். அறிவிக்கையில் டி.ஜி.எஃப்.டி. கையெழுத்து இருப்பதால் அது அரசின் ஆணை ஆகாது என்பது இன்னொன்று.

மூன்றும் நிற்கவில்லை. 3(2) தனி அதிகாரம், 9ஏ தனி அதிகாரம், ஒன்று இருப்பதால் மற்றொன்று சுருங்காது என்றது நீதிமன்றம். பன்னாட்டு ஒப்பந்தத்தை நேராகக் காட்டி உள்நாட்டுச் சட்டத்தின் கீழ் வந்த ஆணையை வெட்ட முடியாது. கையெழுத்து யாருடையது என்றாலும், வெளியிட்டது மத்திய அரசு.

எனக்கு முதல் வாதத்தின் மேல் இன்னும் கொஞ்சம் மரியாதை உண்டு. விசாரணை நடத்தி விதிக்க வேண்டியதை விசாரணையே இல்லாமல் விதிக்கவும் வழி இருந்தால், எந்த அரசும் இரண்டாவது வழியைத்தான் எடுக்கும். ஆனால் அது இனி கல்லூரி வகுப்பில் பேச வேண்டிய விஷயம். சட்டம் தீர்ந்துவிட்டது.

வியாபாரியைச் சுட்டது தீர்ப்பில் அடுத்து வந்த பகுதிதான். இடைக்கால ஆணையை நம்பி இறக்கிய சரக்கு என்ன ஆகும்? அறிவிக்கை இருப்பது தெரிந்தே, வழக்கு முடியவில்லை என்பதும் தெரிந்தே கொண்டுவந்தார்கள், ஆகவே நல்லெண்ணத்தில் செய்தோம் என்று சொல்ல முடியாது, அறிவிக்கைக்கு மாறாக வந்த சரக்கு என்றே வைத்துச் சுங்கச் சட்டப்படி நடவடிக்கை எடுக்கலாம் என்று முடித்தது நீதிமன்றம்.

அபராதம் கட்டியாவது எடுக்கலாமா

அடுத்த கட்டம் 'ராஜ் குரோ இம்பெக்ஸ்' வழக்கு, 2021 ஜூன் 17. இதைப் புரிந்துகொள்ள 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு தெரிய வேண்டும். பறிமுதலுக்கு உள்ளான சரக்குக்குப் பதிலாக மீட்பு அபராதம் கட்டி எடுத்துக்கொள்ள அந்தப் பிரிவு வாய்ப்பு தருகிறது. சாதாரணச் சரக்கு என்றால் அதிகாரி அந்த வாய்ப்பைத் தந்தே ஆக வேண்டும். தடைசெய்யப்பட்ட சரக்கு என்றால் தரலாம், தராமலும் இருக்கலாம்.

நம் பக்கம் பலரும் கணக்குப் போடுவது இந்த இடத்தில்தான். "மிஞ்சிப்போனா ஃபைன் போடுவாங்க, அதையும் விலையில ஏத்திக்கலாம்" என்பார்கள். பட்டாணி வழக்கிலும் தொடக்கத்தில் அப்படித்தான் போனது. சுங்க அதிகாரி அபராதத்தோடு விடுவிக்கச் சொன்னார். மேல்முறையீட்டு ஆணையர் அதை ரத்து செய்து முழுப் பறிமுதல் என்றார். மும்பை உயர் நீதிமன்றம் விடுவிக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் மீண்டும் முழுப் பறிமுதலுக்கே திரும்பியது. அளவுக்கு மேல், உரிமம் இல்லாமல் வந்த பட்டாணி 'கட்டுப்படுத்தப்பட்டது' என்ற பெயரில் இருந்தாலும் சுங்கச் சட்டத்தின் பார்வையில் தடைசெய்யப்பட்ட சரக்குதான். விடுவிப்பது அதிகாரியின் விருப்பம் என்றால், அந்த விருப்பத்தை அறிவிக்கை எதற்காக வந்ததோ அந்த நோக்கத்துக்கு ஏற்பத்தான் பயன்படுத்த வேண்டும். சந்தையில் சரக்கு குவியக் கூடாது என்று போட்ட கட்டுப்பாடு. அபராதம் வாங்கிக்கொண்டு அதே சரக்கைச் சந்தையிலேயே கொட்டவிட்டால் கட்டுப்பாட்டுக்கு என்ன பொருள்?

ஆக, சரக்கு போயிற்று. கப்பல் வாடகை, டெமரேஜ், கன்டெய்னர் டிடென்ஷன் என்ற தாமதக் கட்டணங்கள், வக்கீல் செலவு எல்லாம் அதற்கு மேல்.

ஸ்டே பற்றி ஒரு பேச்சு

இந்த வழக்குகள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் ஈரோட்டுப் பக்கத்து மாவு மில்காரர் ஒருவர் என்னிடம் கேட்டது நினைவிருக்கிறது. வயதில் மூத்தவர், வியாபாரத்தில் என்னைவிடப் பத்து மடங்கு விவரம் தெரிந்தவர்.

"ஏனுங்க தம்பி, ஐகோர்ட்டே விடச் சொல்லிருச்சு. அப்புறம் கஸ்டம்ஸ்காரங்க எப்படீங்க பிடிப்பாங்க?"

"அண்ணா, கோர்ட் இன்னும் தீர்ப்பு சொல்லலீங்க. முடிவு தெரியற வரைக்கும் நிறுத்தி வெச்சிருக்குது. நாளைக்கு கேஸ் தள்ளுபடி ஆச்சுன்னா, ஸ்டே இருந்த நாளும் இல்லாத மாதிரி ஆயிரும்."

"மத்தவங்கெல்லாம் இறக்கிட்டாங்களே?"

"இறக்கினதுதாங்கண்ணா தெரியுது. முடிவு இன்னும் தெரியலீங்களே."

அவர் இறக்கவில்லை. என் பேச்சைக் கேட்டு என்று பெருமைப்பட வழியில்லை. எல்.சி.க்கு, அதாவது விற்பவருக்குப் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதத்துக்கு, வங்கி மார்ஜினை (முன்கூட்டிக் கட்டும் தொகையை)க் கூட்டிக் கேட்டது, அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. வங்கிகள் சில சமயம் வக்கீல்களைவிட நல்ல ஆலோசனை தருகின்றன.

இடைக்கால ஆணை என்பது அடமானம் இல்லாமல் கிடைத்த கைமாற்று மாதிரி. கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கலாம், அதற்குள் நீங்கள் செலவழித்துவிட்டீர்கள் என்பது அவருக்குப் பதில் ஆகாது.

அப்படியானால் பழைய உரிமக்காரர் எப்போதும் தோற்பவரா?

இல்லை. ஜெயித்த வழக்குகளும் வரிசையாக இருக்கின்றன. எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கோடு தெரிகிறது. அரசு முன்னோக்கி விதியை மாற்றினால் வியாபாரி தோற்கிறார். நடந்து முடிந்ததைத் தொட அரசு பின்னோக்கிக் கை நீட்டினால் வியாபாரி ஜெயிக்கிறார்.

தோல்விப் பக்கத்தில் நமக்கு மிக நெருக்கமானது 1996-இன் 'பி.டி.ஆர். எக்ஸ்போர்ட்ஸ் (மெட்ராஸ்)' வழக்கு. ஆயத்த ஆடை ஏற்றுமதிக்குக் கோட்டா இருந்த காலம். 2004 டிசம்பரோடு கோட்டா முறையே ஒழிந்துவிட்டதால் இன்றைய திருப்பூர் இளைஞர்களுக்கு அது பாட்டி கதை. அவர்கள் அப்பாக்களைக் கேட்டால் தெரியும், ஒரு பீஸுக்குக் கோட்டா வாங்க என்ன பாடு பட்டார்கள் என்று. விண்ணப்பித்த நாளில் இருந்த கொள்கைப்படியே எனக்குத் தர வேண்டும் என்று ஏற்றுமதியாளர்கள் கேட்டார்கள். உரிமம் வழங்கும் நாளில் எந்தக் கொள்கை இருக்கிறதோ அதுதான் பொருந்தும், விண்ணப்பித்ததாலேயே உரிமை பிறந்துவிடாது என்றது உச்ச நீதிமன்றம். இன்றுவரை அரசு வழக்கறிஞர்கள் முதலில் எடுத்து நீட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான்.

வெற்றிப் பக்கத்தில் பழையது 'ஆங்கிலோ ஆப்கான் ஏஜென்சீஸ்', 1967 நவம்பரில் முடிவானது. கம்பளித் துணி ஏற்றுமதி செய்தால் அதன் முழு மதிப்புக்கும் மூலப்பொருள் இறக்குமதி உரிமை என்று ஜவுளி ஆணையர் திட்டம் அறிவித்திருந்தார். நிறுவனம் ஆப்கானிஸ்தானுக்கு 5 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பிவிட்டு உரிமை கேட்டால், 2 லட்சத்துக்கும் குறைவாகத்தான் கொடுத்தார்கள். சொன்னதை நம்பி ஒருவர் செய்து முடித்த பிறகு அரசு பின்வாங்க முடியாது என்று தீர்ப்பு. இங்கே 'செய்து முடித்த' என்பதை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். செய்யப் போகிறேன் என்பவருக்கு இந்தத் தீர்ப்பு உதவுவதில்லை.

2015 அக்டோபரின் 'கனக் எக்ஸ்போர்ட்ஸ்' அதே கோட்டில்தான் வருகிறது. ஏற்றுமதி ஊக்கத் திட்டத்தைச் சிலர் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்பதை நீதிமன்றம் தயங்காமல் சொன்னது. திட்டத்தை மாற்ற அரசுக்கு அதிகாரம் உண்டு என்றும் சொன்னது. ஆனால் ஏற்கனவே ஈட்டிவிட்ட உரிமையைப் பின்தேதியிட்டுப் பறிக்க 5-ஆம் பிரிவு இடம் தரவில்லை.

கோவைக்காரர்களுக்கு மிகப் பயன்படுவது 2009-இன் 'அதுல் கமாடிட்டீஸ்'. எதிர்த்தரப்பு கொச்சி சுங்க ஆணையர். பாலக்காட்டுக் கணவாய் வழியே நமக்குக் கிட்டத்துத் துறைமுகம். பழைய நகலெடுக்கும் இயந்திரங்கள் 2005 அக்டோபர் 19 வரை தடையின்றி வரலாம் என்றிருந்தன. அந்த நாளில் வந்த அறிவிக்கைதான் அவற்றைக் கட்டுப்படுத்தியது. அதற்கு முன் வந்த சரக்கையும், டி.ஜி.எஃப்.டி.யின் சுற்றறிக்கையைக் காட்டிச் சுங்கத்துறை பிடித்தது. சுற்றறிக்கை கொள்கையை விளக்கலாம், திருத்த முடியாது; திருத்துவது 5-ஆம் பிரிவின் கீழ் மத்திய அரசு மட்டுமே என்று நீதிமன்றம் சொன்னது. உங்கள் சரக்கைப் பிடித்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: காட்டுகிற காகிதம் அறிவிக்கையா, சுற்றறிக்கையா, வர்த்தகக் குறிப்பா?

நேரமே வழக்கான கதையும் உண்டு. புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு 2019 பிப்ரவரி 16 அன்று பாகிஸ்தான் சரக்குக்கு 200 சதவீத வரி அறிவித்தார்கள். மின்-அரசிதழில் அது ஏறியது இரவு 8 மணி 46 நிமிடம் 58 விநாடி. அன்று பகலிலேயே பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் கொடுக்கும் இறக்குமதிப் படிவம்) போட்டுவிட்டவர்களிடமும் புது வரி கேட்டார்கள். 'ஜி.எஸ். சத்தா ரைஸ் மில்ஸ்' வழக்கில் 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், அறிவிக்கை வெளியான அந்த நேரத்திலிருந்துதான் உயிர் பெறும், நாள் முழுவதுக்கும் பின்னோக்கிப் போகாது என்றது. விநாடிக் கணக்கில் ஒரு வரி வழக்கு ஜெயித்ததை வேறெங்கும் நான் படித்ததில்லை.

எல்.சி. திறந்தவரும் டி.டி. அனுப்பியவரும்

இனி நடைமுறைக்கு வருவோம். வர்த்தகக் கொள்கையின் 1.05(பி) பத்தி இடைமாற்றக் காலத்துக்கானது. தடையற்ற பொருள் திடீரென்று கட்டுப்பாட்டுக்குப் போனால், அதற்கு முன்பே திறந்த, ரத்து செய்ய முடியாத எல்.சி.யின் கீழ் மிச்சமிருக்கும் அளவை, அந்த எல்.சி.யின் காலத்துக்குள் கொண்டுவர அது சாதாரணமாக அனுமதிக்கிறது. கட்டுப்பாடு வந்த 15 நாளுக்குள் எல்.சி.யை வட்டார அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். திருப்பூர், ஈரோடு ஆட்களுக்கு அது கோவை அலுவலகம். பத்தியிலேயே ஒரு வால் உண்டு: 'வேறு விதமாகச் சொல்லப்பட்டிருந்தால் ஒழிய'. அறிவிக்கையின் கடைசி வரிகளில் இந்தச் சலுகையையே எடுத்திருக்கலாம். எனவே தலைப்பைப் படித்துவிட்டு எல்.சி. கோப்பைத் தேட ஓடாமல், அறிவிக்கையைக் கடைசிவரை படிப்பது நல்லது.

நம் பக்கத்து வியாபாரம் பெரும்பாலும் டி.டி.யில், அதாவது வங்கி வழி நேரடிப் பணமாற்றத்தில் (டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர்), ஓடுகிறது. சீனத்துப் பார்ட்டிக்கு 30 சதவீதம் முன்பணம், பி.எல். (சரக்கு கப்பல் ஏறியதற்கான ரசீது, பில் ஆஃப் லேடிங்) நகல் வந்ததும் மீதி. எல்.சி. என்றால் மார்ஜின், கமிஷன், பேப்பர் வேலை, அதனால் வேண்டாம். பத்து வருடப் பழக்கம், நம்பிக்கை. வியாபாரத்துக்கு அது சரி. ஆனால் 1.05(பி) நம்பிக்கையைக் கணக்கில் எடுப்பதில்லை. 2024 மார்ச் 16 அன்று சில ரகச் செயற்கை இழைப் பின்னல் துணிகளுக்குக் கிலோவுக்கு 3.5 டாலர் குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தபோது திருப்பூரில் முதல் கேள்வியே இதுதான்: "அட்வான்ஸ் போட்டாச்சுங்க, சரக்கு நெசவுல இருக்குது, இப்ப என்னங்க பண்றது?" முன்பணம் போட்டவர் கையில் ஒப்பந்தம் இருக்கிறது, வங்கி ரசீது இருக்கிறது. அந்தப் பத்தி கேட்பது எல்.சி.யை. கப்பல் ஏறியிருந்தால் பி.எல். தேதியைப் பிடித்து நிற்கலாம், கடல் வழியில் இறக்குமதி நாளாக டி.ஜி.எஃப்.டி. எடுத்துக்கொள்வது அதைத்தான். தறியில் இருக்கும் துணிக்கு எந்தத் தேதியும் இல்லை.

தேதியை உண்டாக்கலாமே என்று சிலருக்கு யோசனை வரும். 2022 மே 13 அன்று கோதுமை ஏற்றுமதியைத் தடைசெய்தபோது, அதற்கு முன் திறந்த எல்.சி.க்கு விலக்கு கொடுத்தார்கள். சில நாளில் பின்தேதியிட்ட எல்.சி.கள் வரத் தொடங்கின. மே மாதக் கடைசியில் டி.ஜி.எஃப்.டி., பதிவு செய்த எல்.சி. எல்லாவற்றையும் நேரில் சரிபார்க்கச் சொல்லி உத்தரவு போட்டது. முறையாகச் செய்தவரும் அதனால் வரிசையில் காத்துக் கிடந்தார்.

கையில் ஆத்தரைசேஷன் இருந்தும்

உண்மையிலேயே உரிமம் கையில் இருந்தவர்களைப் பாதித்த வழக்கு இன்னொன்று. ஏற்றுமதிக்கான மூலப்பொருளை வரியில்லாமல் கொண்டுவர அட்வான்ஸ் ஆத்தரைசேஷன் தருகிறார்கள். ஜி.எஸ்.டி. வந்ததும் இதில் ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிக்கும் விதிக்கும் ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி.) சிக்கல் எழுந்தது. 2017 அக்டோபர் 13 அன்று விலக்கு கொடுத்தார்கள், கூடவே 'முன்-இறக்குமதி' நிபந்தனையும் வைத்தார்கள்: சரக்கு முதலில் வர வேண்டும், அதைக்கொண்டே செய்து ஏற்றுமதி செய்ய வேண்டும். நடைமுறையிலோ, ஆர்டர் நெருக்கும்போது கையிருப்பை வைத்துத் தைத்து அனுப்பிவிட்டு, பிறகு ஆத்தரைசேஷனில் சரக்கு கொண்டுவந்து இருப்பை நிரப்புவது வழக்கம். பழைய ஆத்தரைசேஷன்காரர்களுக்கும் இந்த நிபந்தனை வந்து விழுந்தது. 2019 ஜனவரியில் நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். இடைப்பட்ட காலத்துக்கு நோட்டீஸ் மழை.

குஜராத் உயர் நீதிமன்றம் நிபந்தனை செல்லாது என்றது. பலர் நிம்மதியாகக் கோப்பை மூடினார்கள். 2023 ஏப்ரல் 28 அன்று 'காஸ்மோ ஃபிலிம்ஸ்' வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டியது. விலக்கு என்பது அரசு தரும் சலுகை, எந்த நிபந்தனையோடு தருவது என்பதும் அரசின் முடிவு. கட்டிய வரியைத் திரும்பப் பெறவோ உள்ளீட்டு வரிக்கடனாக எடுக்கவோ மட்டும் வழி விட்டார்கள், ஜூனில் அதற்கான சுற்றறிக்கையும் வந்தது. உரிமம் பழையது என்பதால் அதோடு சேர்ந்த வரிச்சலுகையும் பழையபடியே நிற்கும் என்று வாதாடியவர்களுக்கு இந்தத் தீர்ப்புக்குப் பிறகு இடமில்லை.

எங்கே வழக்கு போடுவது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டத்தார் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதன்மை அமர்வுக்குப் போக வேண்டும். கரூர் மாவட்டம் மதுரைக் கிளையின் எல்லைக்குள் வருகிறது, தூத்துக்குடித் துறைமுகமும் அப்படியே. கொச்சியில் சரக்கு நின்றால் கேரள உயர் நீதிமன்றம். வழக்குக் காரணத்தின் ஒரு பகுதி எங்கே எழுந்தாலும் அங்கே போகலாம் என்று அரசியலமைப்பின் 226(2) இடம் தருகிறது. அதற்காகத் தொடர்பே இல்லாத ஊரைத் தேடிப் போவதன் பலனைப் பட்டாணி வழக்கு காட்டிவிட்டது. ரிட் மனுவில் கேட்க வேண்டியதும் அறிவிக்கையையே ரத்து செய்வதை அல்ல. என் பி.எல். தேதி இது, என் எல்.சி. தேதி இது, இந்தச் சரக்குக்கு அறிவிக்கை பொருந்தாது என்று அறிவிக்கச் சொல்லிக் கேட்பது சிறிய கோரிக்கை, கிடைக்கும் கோரிக்கை.

பட்டாணியின் இன்றைய நிலை

2019 டிசம்பர் 18 அன்று பட்டாணிக்குக் கிலோ 200 ரூபாய் குறைந்தபட்ச விலை வைத்து, கொல்கத்தாத் துறைமுகம் வழியாக மட்டும் என்றார்கள். 50 ரூபாய்கூடப் பெறாத பொருளுக்கு அது கதவை இழுத்து மூடியது மாதிரிதான். நான்கு வருடம் கழித்து, 2023 டிசம்பரில், விலையும் துறைமுகக் கட்டுப்பாடும் நீங்கி மஞ்சள் பட்டாணி வரியே இல்லாமல் வரத் தொடங்கியது. அந்தச் சலுகையை நீட்டிக்கொண்டே போய், 2026 மார்ச் வரை என்று சொல்லியிருந்த நிலையில், இடையிலேயே 2025 நவம்பர் 1 முதல் 30 சதவீத வரி போட்டார்கள். அக்டோபர் 31 அல்லது அதற்கு முந்தைய தேதியில் பி.எல். உள்ள சரக்குக்கு மட்டும் பழைய விலக்கு. மார்ச் வரை என்ற வாக்கை நம்பி ஒப்பந்தம் போட்டவருக்கு அந்த வாக்கியத்தில் இடமில்லை. சரக்கைக் கப்பலில் ஏற்றிவிட்டவருக்கு இருந்தது.